அந்தக் குச்சியைத் திருப்பிக் கொடுங்கள்

ஆட்டோமேட்டிக் கார்களைத் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பு, சேவைப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு வாகன நிறுத்தத்தின் சரிவில் என் கார் பின்னால் போக மறுத்துவிட்டது. லீவரை ஆர்-இல் போட்டேன். நிதானமாக மூன்று எண்ணிவிடலாம், அத்தனை நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் யாரோ எட்டி உதைத்ததுபோல ஒரு குலுக்கலோடு கியர் விழுந்தது. பின்னால் நின்றவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. பயந்துபோய்த் தன் காரை ஒதுக்கிக்கொண்டார்.

அப்போது ஓடோமீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். எல்லா சர்வீஸும் உங்களில் ஒருவரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் செய்திருக்கிறேன், ஒன்றைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை. 60,000-இல் ஒரு முறையும் 1,00,000-இல் ஒரு முறையும் நானே வாய்விட்டுக் கேட்டேன், கியர் பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டாமா என்று. "அது லைஃப்டைம் ஆயில் சார், அதைத் திறக்கவே கூடாது" என்றார் அட்வைசர். நம்பாத முகத்தோடு நின்றிருப்பேன் போல, கையேட்டையும் பிரித்துக் காட்டினார். அதில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. போன மாதம் அதே மேசை, அதே ஆள். கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸுக்கு லைஃப் முடிஞ்சிருச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்றார்.

ஆயில் சொன்ன சொல் தவறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கியர் பாக்ஸ் சாகும்வரை கூடவே இருந்திருக்கிறது. ஆயிலும் ஆயுளும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. கையேட்டை எழுதியவருக்கும் அங்கேதான் குழப்பம் வந்ததோ என்னவோ.

நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அந்த ஒரு வாசகம் உங்களில் பலருடைய கையேடுகளில் ஏறக்குறைய அப்படியே இருப்பதுதான். ஆகவே எல்லோரிடமும் சேர்த்தே கேட்கிறேன்: கியர் பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயிலின் அளவைப் பார்க்கும் அந்தக் குச்சியை, திருப்பிக் கொடுங்கள். ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் ஓர் எண் அச்சிடுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை.

அந்த ஆயில் உள்ளே என்ன பாடுபடுகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. ஆயிலை வழிகளில் திருப்பிவிடும் வால்வு பாடியில் அழுத்தமாக நின்று கியரை மாற்றுவதும் அதுதான், என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலிருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினின் விசையைக் கடத்துவதும் அதுதான். கிளட்ச் தட்டுகள் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவும் அது வேண்டும். இத்தனைக்கும் நடுவே சூட்டையும் வாங்கிக் கூலருக்குச் சுமக்கிறது. இத்தனை வேலை இல்லாத என்ஜின் ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இதற்கு மட்டும் சாகாவரம் எப்படிக் கிடைத்தது?

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குச்சி நினைவிருக்கும். சமதரையில் நிறுத்தி, என்ஜினைச் சூடாக்கி, லீவரைப் பி-யில் (பார்க்) வைத்து ஓட விட்டபடியே பானட்டைத் திறப்போம் (சில கார்களில் என்ஜினை அணைத்த பிறகு பார்க்க வேண்டும், அது கையேட்டிலேயே இருக்கும்). குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு. ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் தொட்டு வைத்தால் நிறம் தெரிந்துவிடும். புது ஆயில் மாதுளைச் சாறுபோலத் தெளிந்த சிவப்பு. பழுப்பேறினால் மாற்றும் காலம் நெருங்குகிறது. கறுத்துப்போய் மூக்கில் கருகல் வாடை ஏறினால், உள்ளே கிளட்ச் தட்டு கருகத் தொடங்கிவிட்டது. மொத்த வேலையும் ஐந்து நிமிடம், செலவு ஒரு துண்டுத் துணி.

இப்போது அதே அளவைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். சர்வீஸ் சென்டரை விட்டுவிட்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். முதலில் காரை லிஃப்ட்டில் ஏற்றி, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்கேனரை மாட்டி ஆயிலின் வெப்பத்தைப் பார்த்தார். என்னை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தியபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்கச் சொன்னார். என் கியர் பாக்ஸுக்கு 35 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டுமாம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அவர் கீழே கையில் ஸ்பேனரோடு நிற்கிறார், நான் மேலே ஸ்கேனரைப் பார்த்து "முப்பத்து மூணு... முப்பத்து நாலு..." என்று குரல் கொடுக்கிறேன். 36-இல் அடியிலிருக்கும் திருகைத் திறந்தார். மெல்லிய கம்பிபோல ஒழுகிச் சொட்டாகக் குறைந்தால் அளவு சரி. ஒன்றுமே வராவிட்டால் குறைவு. நேரம் தப்பிச் சூடு ஏறிவிட்டால் ஆயில் விரிந்துவிடும், சரியான அளவும் அதிகமாகத் தெரிந்து வீணாக வெளியே ஒழுகிவிடும். அப்புறம் வண்டியை ஆறவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஆயில் குறைந்திருந்தது. எந்தச் சீலிலிருந்தோ எத்தனை நாளாகவோ கசிந்திருக்கிறது. குச்சி இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

ஆயிலை வடித்தபோது தட்டில் விழுந்தது சிவப்பாக இல்லை, கறுப்பாக இருந்தது. கருகல் வாடை பட்டறை முழுக்கப் பரவியது. அடிப்பாத்திரத்தைக் கழற்றி அதிலிருந்த காந்தங்களைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மைபோல நுண்ணிய தூள் ஒட்டியிருப்பது சகஜம், அதற்காகத்தான் காந்தமே வைக்கிறார்கள். என் காந்தங்களில் அந்த மைக்கு நடுவே மின்னும் சில்லுகள் இருந்தன. அவர் ஒன்றை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே புது ஆயில் ஊத்தியும் பிரயோஜனம் இல்லண்ணே, பழைய ஆயிலை முதல்லயே இறக்கியிருக்கணும்" என்றார். இறக்கினாலும் ஒரு தடவையில் பாதிகூட வராது, மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும், அதனால் அவ்வப்போது மாற்றிக்கொண்டே வருவதுதான் வழி என்றும் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேனே என்று அவரிடம் சொல்லி என்ன பயன்?

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. குச்சி இருந்தால் கண்டவர் கண்ட ஆயிலை ஊற்றிவிடுவார்கள், தூசி உள்ளே போகும் என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கிலேயே பல வகை: படிப்படியான கியர் இல்லாத சிவிடி-க்கு ஓர் ஆயில், இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச்சுக்கு வேறு, சாதாரண டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு வேறு, மாற்றி ஊற்றினால் கேடுதான். அப்படியானால் மூடியிலேயே ஆயிலின் தர எண்ணைப் பொறித்துவிடுங்கள். பெட்ரோலா டீசலா என்று டேங்க் மூடியில் எழுதுகிறீர்களே. தப்பான எரிபொருளை ஊற்றிவிடுவார்கள் என்று அதற்கு யாரும் சீல் வைக்கவில்லையே?

கையேட்டின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளையும் படித்தேன். கடினமான பயன்பாடு என்றால் மட்டும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று உங்களில் சிலர் போடுகிறீர்கள். கடினம் என்றால் என்ன? வெயில், நெரிசல், நின்று நின்று போவது, குறுந்தூர ஓட்டம், பாரம் இழுப்பது. இதெல்லாம் கடினம் என்றால் மிச்சமிருக்கும் அந்த மென்மையான பயன்பாட்டைச் செய்யும் புண்ணியவான் யார்? விளம்பரப் படத்தில் ஆளில்லாத மலைப்பாதையில் ஒற்றையாக ஓட்டிப்போகிறாரே, அவரா?

ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் கியர் பாக்ஸ்கள் பல கம்பெனிகளின் கார்களில் இருக்கின்றன. தன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களுக்கு ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள், ஆயில் மாற்றச் சொல்கிறது அந்த நிறுவனம். செய்தவர் மாற்று என்கிறார், வாங்கி மாட்டியவர் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பராமரிப்புச் செலவுப் பட்டியலில் ஒரு வரி குறைந்தால் ஷோரூமில் கார் மலிவாகத் தெரியும். வாரண்டிக்குப் பிறகு வரும் செலவு எந்தப் பட்டியலிலும் இல்லை. கழிவு எண்ணெய் குறைகிறது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும் ஒரு பேச்சு. சில லிட்டர் ஆயிலைக் காப்பாற்றப்போய் ஒரு முழு கியர் பாக்ஸ் பழைய இரும்புக்குப் போவது எந்தச் சூழலுக்கு நல்லதோ!

சுற்றுச்சூழல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் இந்த ஆயிலில் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தபோது, முதலில் தடுமாறினாலும் இந்தத் துறை மாற்று கண்டுபிடித்துச் சமாளித்தது. திமிங்கலத்துக்கே மாற்று கண்டவர்களுக்கு ஒரு குழாயும் குச்சியும் அப்படி என்ன பெரிய சிக்கல்?

கதவைத் திறந்தால் தரையில் உங்கள் சின்னத்தை ஒளியாக வரையத் தெரிகிறது. இருக்கைக்குக் காற்று, கூரைக்குக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. கியர் பாக்ஸ் ஆயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று உள்ளிருக்கும் கணினிக்கு நொடிக்கு நொடி தெரியும். காசு கொடுத்து வாங்கிய எனக்குத்தான் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறது. ஸ்டெப்னியை எடுத்தீர்கள், சரி என்றோம். சில மாடல்களில் என்ஜின் ஆயில் குச்சியையும் எடுத்துவிட்டீர்கள், அதற்கும் சரி என்றோம். இனி எதை எடுக்கலாம் என்று கூட்டம் போட்டு யோசிக்கிறீர்களோ?

மன்னிக்கவும், கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பணிவாகவே மறுபடி கேட்கிறேன். ஆயிலின் அளவையும் நிறத்தையும் உரிமையாளரே பார்க்க ஒரு குச்சி வேண்டும். அது உண்மையிலேயே முடியாது என்றால், ஆயிலின் அளவையும் வெப்பத்தையும் டாஷ்போர்டு திரையிலாவது காட்டுங்கள். "ஆயுள் முழுக்க" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிலோமீட்டரில் ஓர் எண் போடுங்கள். ஏற்கெனவே விற்ற கார்களுக்கு அந்த எண்ணைச் சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினாலே போதும். அடுத்த முறை யாராவது அந்த மேசைமுன் நின்று கேட்கும்போது, அட்வைசர் சரியான பக்கத்தைப் பிரித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
1,38,000 கிலோமீட்டர் வரை உங்களை நம்பிய ஒரு வாடிக்கையாளர்