எம்சிக்யூ அதிர்ஷ்டம் இல்லை, மக்களே

மக்களே,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. சிஏ இன்டர் மாதிரித் தேர்வில் பெரிய கேள்விகளை நன்றாக எழுதியும் எம்சிக்யூவில், அந்த நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகளில், பாதி மார்க் போய்விட்டது, "அதெல்லாம் லக்குதாம்மா" என்றாய். அழுகிற நேரத்தில் சொன்னால் காதில் ஏறாது என்று பேசாமல் இருந்தேன். ஆனால் அது லக் இல்லை. கடிதமாக இருந்தால் ஹாஸ்டலில் எடுத்து வைத்துத் திரும்பப் பார்ப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கணக்கு பார்க்கிற அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) கூலி ரெஜிஸ்டரும் பேரேடும் ஒத்துவராத நாளில் அம்மா முதலில் பார்ப்பது வித்தியாசத் தொகையைத்தான். அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் 90 இடிக்கும். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று தேடுவேன். பற்றில் ஏற வேண்டியது வரவில் ஏறியிருந்தால் இரட்டிப்பாகத்தானே இடிக்கும்? தப்பான தொகைக்கும் வந்த வழி என்று ஒன்று இருக்கும். கேள்வித்தாள் போடுகிறவர்களுக்கு அந்த வழியெல்லாம் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று பார்த்துத்தான் மற்ற மூன்று விடைகளையும் வைக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அக்டோபர் 1-இல் 4,00,000 ரூபாய்க்கு ஒரு மிஷின் வாங்குகிறார்கள். நிறுவும் செலவு 20,000. ஆயுள் 10 வருஷம், கடைசி மதிப்பு 20,000, நேர்கோட்டு முறை. மார்ச் 31-இல் தேய்மானம் எவ்வளவு? கொடுத்த விடைகள் 40,000, 21,000, 20,000, 19,000. சரியான விடை 20,000. ஆறு மாதம்தான் ஓடியது என்பதை மறந்தால் 40,000 வரும். கடைசி மதிப்பைக் கழிக்க மறந்தால் 21,000. நிறுவும் செலவைச் சேர்க்காமல் விட்டால் 19,000. பார்த்தாயா, எந்தத் தப்பைச் செய்தாலும் அதற்கேற்ற விடை அங்கே தயாராக இருக்கிறது! போட்ட தொகை விடைகளில் இருக்கிறதே என்று நீ சந்தோஷமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய். மார்க் போகிற இடம் அதுதான்.

அதனால் கணக்குக் கேள்வி என்றால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு போடு. பேப்பரில் உன் தொகை வந்த பிறகு கையை எடு. அப்புறம் ஒரு தனி நோட்டு போடு. தப்பாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும், நீ தொட்ட விடை எந்தத் தப்பிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் எழுது. "மாதத்தைப் பார்க்கவில்லை", "'தவறானது எது' என்று கேட்டதைச் சரியானது என்று படித்தேன்", இப்படி. கொஞ்ச நாளில் அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். அந்த நாலைந்தைச் சரிசெய்தாலே போதும், கேட்டியா. புதிது புதிதாக ஆயிரம் கேள்வி போடுவதை விட இதில்தான் எனக்கு நம்பிக்கை.

தியரிக்கும் இதே கதைதான். நீ வீட்டில் விட்டுப்போன ஆடிட் மாட்யூலில் எஸ்ஏ 705-ஐப் பிரித்துப் பார்த்தேன். கணக்கு சரி என்று ஆடிட்டர் முழுசாகச் சொல்ல முடியாதபோது அறிக்கையில் எந்த வகைக் கருத்து தர வேண்டும் என்று சொல்கிற விதி அது. குவாலிஃபைடு (இது தவிர மற்றது சரி), அட்வெர்ஸ் (கணக்கு சரியில்லை), டிஸ்க்ளெய்மர் (கருத்தே சொல்ல முடியாது) மூன்றையும் மனப்பாடம் செய்தால் கேஸ் ஸினாரியோவில் குழம்பத்தான் செய்யும். போதிய ஆதாரம் கிடைத்ததா, பாதிப்பு கணக்கு முழுக்கப் பரவுமா என்று இரண்டே கேள்வி கேள். ஆதாரம் கிடைத்து, பெரிய தவறு எங்கும் பரவியிருந்தால் அட்வெர்ஸ். ஆதாரமே கிடைக்காமல், அதன் பாதிப்பு எங்கும் பரவக்கூடியது என்றால் டிஸ்க்ளெய்மர். பெரியதுதான், ஆனால் பரவவில்லை என்றால் குவாலிஃபைடு. கேஸைப் படிக்கும்போது இந்த இரண்டுக்கும் பதில் சொல்கிற வரியின் கீழ் கோடு போடு.

இன்னொன்று. சிஏவின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் தப்புக்குக் கால் மார்க் கழிப்பார்கள் என்று தெரியாததை விட்டுவிட்டுப் பழகினாய். இன்டரில் எம்சிக்யூவுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒரு வட்டத்தையும் காலியாக விடாதே. நூறில் எம்சிக்யூவுக்கு 30 மார்க் என்றால், மூன்று மணி நேரத்தில் அதன் பங்கு 54 நிமிஷம். ஒரு கேஸ் முடிந்ததும் அதன் விடைகளை ஓஎம்ஆரில், அந்த வட்டம் நிரப்புகிற தாளில், அப்போதே ஏற்றிவிடு. கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வைத்தால் ஒரு வரி தள்ளிப்போய் எல்லாமே மாறிவிடும். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இந்த முப்பதில் இருபதுக்கு மேல் எடுத்துவிட்டால் மீதி எழுபதைப் பதற்றமில்லாமல் எழுதுவாய்.

கேள்விகளுக்கு சிஏ இன்ஸ்டிடியூட் போடுகிற ஆர்டிபி (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), எம்டிபி (மாக் டெஸ்ட் பேப்பர்), பழைய வினாத்தாள் போதும். டெலிகிராமில் யார் யாரோ அனுப்புகிற பிடிஎஃப்பை நம்பாதே. விடையே தப்பாக இருந்தால் எங்கே போய்த் திருத்துவாய்?

சுசீந்திரம் தேரோட்டத்துக்கு வர முடியாதே என்று வருத்தப்படாதே. ஜனவரியில் பரீட்சை முடிந்ததும் வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கு. நாகர்கோவிலிலிருந்து வருகிற அக்காவிடம் ஏத்தங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுகிறேன், அறையில் எல்லாருக்கும் கொடு. மட்டிப்பழம் கேட்டாய், அது சென்னை வந்து சேர்வதற்குள் குழைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா