துவைக்கிற கல் மூழ்கினால் பள்ளிக்கு விடுமுறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு வட்டம் நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு நாளிதழ் வருவதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு எடுக்கப் போகும்போது, பொட்டலம் மடிப்பதற்காகப் பழைய பேப்பரை எடைக்கு வாங்கி வருவேன். போன வாரம் பொட்டுக்கடலை மடிக்கத் தாளைக் கிழித்தபோது தங்கள் இதழின் வாசகர் கடிதப் பகுதி கண்ணில் பட்டது. “நாலு தூறல் விழுந்தால் பள்ளிக்கு விடுமுறையா? நாங்கள் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நடந்து போய்ப் படித்தவர்கள்” என்று சேலம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தாளில் மட்டும் பொட்டலம் மடிக்கவில்லை. கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். பழைய கடிதத்துக்குப் பதில் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குச் செய்தி இந்த வேகத்தில்தான் வருகிறது.

அவர் சொல்வதில் பாதி நியாயம். பள்ளியை மூடினால் நஷ்டம் குழந்தைக்குத்தான், அதிலும் இல்லாதப்பட்ட வீட்டுக் குழந்தைக்கு. மீதிப் பாதியில்தான் எனக்கு அவரோடு வழக்கு.

எங்கள் ஊரில் பதினான்கு வீடுகள். பள்ளிக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர். என் மகள் ஏழாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளி இருப்பது எதிர்ச்சரிவில். வரைபடத்தில் கோடு போட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். காலால் நடந்தால், காப்பித் தோட்டத்து வழியே இறங்கி, ஓடையைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மறுபடி ஏறி, ஒன்றரைக்குக் குறையாது. ஓடைக்குப் பாலம் கிடையாது. அதன் நடுவே துணி துவைக்கிற கல் ஒன்று கிடக்கிறது. என் மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து துவைத்துத் துவைத்து மேல்பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. கரையைப் பார்த்த பக்கம் ஒரு முனை உடைந்து, சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்த உடைந்த முனை தண்ணீருக்கு மேலே தெரிந்தால் குழந்தைகள் தாங்களே கடக்கலாம். முனை மறைந்து மேல்பக்கம் மட்டும் தெரிந்தால் பெரியவர் ஒருவர் கூடப் போய்க் கை பிடித்துவிட வேண்டும். கல்லே மூழ்கிவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

சேலம் நகரம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஐந்து ரோட்டில் வெயில் காயும் நேரத்தில் இங்கே முன்னால் நடக்கிறவரின் முதுகு தெரியாது. ஆனால் மழை எச்சரிக்கை வரும்போது, ஒரே மாவட்டம் என்பதால், மேட்டூருக்கும் ஆத்தூருக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே நிறம்தான், மஞ்சளோ ஆரஞ்சோ. மழைமானியில் அளவு எடுப்பது காலை 8.30 மணிக்கு. அதுவும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக் கணக்கு. எங்கள் பிள்ளைகள் வீட்டை விட்டு இறங்குவது 7.30க்கு.

எங்கள் வட்டத்துக்கு மட்டும் தனியாக விடுமுறை விட்ட நாட்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். கோவை மாவட்டத்தில் வால்பாறைக்கு மட்டும், நீலகிரியில் கூடலூர், பந்தலூருக்கு மட்டும் என்று அறிவிப்பதையும் டிவியில் பார்க்கிறேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வட்டம் வட்டமாகப் பிரித்தாலும், எல்லோருடைய கண்ணும் மலைச்சாலையின் மேல்தான் இருக்கிறது. மரம் விழவில்லை, பஸ் ஓடுகிறது, ஆகவே பள்ளி உண்டு. எங்கள் ஒன்பது பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தச் சாலையில் கால் வைப்பதே இல்லை.

கடந்த ஐப்பசியில் ஒரு நாள். இரவெல்லாம் மழை. காலையில் போய்ப் பார்த்தேன், கல்லின் மேல்பக்கம் தெரிந்தது. நானே நின்று ஒன்பது பேரையும் அக்கரை சேர்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவன் செருப்பில் ஒன்று ஓடையோடு போய்விட்டது. கடைக்குத் திரும்பியபோது மணி எட்டு. சற்று நேரத்தில் வந்த பால்காரர், “இன்றைக்கு லீவாமே, 7.40க்கே சொல்லிவிட்டார்களாம்” என்றார். எங்கள் ஊரில் போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கோயில் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். ஓடைக்குத் திரும்பி ஓடினேன். அதற்குள் கல் மூழ்கியிருந்தது. பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டு வந்த ஒன்பது பேரும் அந்தக் கரையில் வரிசையாக நிற்கிறார்கள், இந்தக் கரையில் நான். தண்ணீர் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. பள்ளித் தாழ்வாரத்துக்கே போய் உட்காருங்கள் என்று கையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தேன். சின்னவர்கள் ஐந்து பேர் வெறும் வயிறு; காலைச் சாப்பாடு பள்ளியில் கிடைக்கும் என்று வீட்டில் யாரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கடைக்கு ஓடி பன் பாக்கெட் மூன்றை எடுத்து வந்து எறிந்தேன். ஒன்று தண்ணீரில் விழுந்தது, இரண்டு அக்கரை சேர்ந்தன. பன்னிரண்டரை மணிக்குத்தான் கல் மறுபடி தலை காட்டியது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் விடியற்காலையில் அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். செய்தி பார்த்ததும் திரும்பியிருப்பார்கள். அன்று சாயங்காலம் மகளின் அறிவியல் நோட்டை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஒளிச்சேர்க்கை என்று அவள் வரைந்து வைத்திருந்த இலை, வேர், சூரியன் எல்லாம் ஒரே நீலக் குளமாகியிருந்தது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. மதிய உணவு அதற்கு முன்பே உண்டு. என் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கிறேன். பள்ளி தொடர்ந்து மூடியிருக்கும் வாரங்களில் அரிசிக் கடன் ஏறுவதை அதில் பார்க்கலாம். மழை பெய்தால் தோட்டத்தில் பாதி நாள் வேலை இருக்காது, கூலி இருக்காது. அதே நாளில் பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாடும் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது பள்ளியை மூடியது சரி, மூடாமல் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் டிசம்பர் என்றால் இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். மழையில் பழுத்த பழம் உதிர்ந்துவிடும். வானம் வெளுத்ததும் வீட்டோடு போய்ப் பறிப்பார்கள். பள்ளி திறந்த பிறகும் எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் போகவில்லை. ஒருத்தி பொங்கல் கழித்துத்தான் போனாள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுப்பதும் அதே காப்பிதான்.

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கும் மழை விடுமுறை வருகிறது. அவனுக்கு ஒன்பது மணிக்கெல்லாம் போனில் பாடம் வந்துவிடும், சாயங்காலத்துக்குள் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுவான். ஏற்காட்டில் பெரிய உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கோ விடுதிக்கும் வகுப்புக்கும் இருபது தப்படி. இவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, படிக்கட்டும். ஆனால் ஒரே அறிவிப்பு மூன்று விதமாக வந்து இறங்குகிறதே, அதை யாராவது கணக்கில் எடுக்க வேண்டாமா? எங்களுக்கும் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே என்பார்கள். மழை வந்தால் முதலில் போவது மின்சாரம்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் என்பதால் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கலாம் என்றார்கள். மாதம் 1,000 ரூபாய். கடைத் திண்ணைதான் வகுப்பறை, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். பெற்றோருடன் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய், நான்காம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் ஒருவன் அந்தத் திண்ணைக்கு வந்தான். முதல் வாரம் பேசவே இல்லை. என் தராசையே பார்த்துக்கொண்டிருப்பான். தட்டு இறங்குவதைப் பார்த்தே, “அக்கா, முக்காலுக்கு ஒரு பிடி கூட” என்பான், சரியாக இருக்கும். பலகையில் 3/4 என்று எழுதிக் காட்டினால் விழித்தான். பிறகு பலகையை ஓரமாக வைத்துவிட்டு, கால் கிலோ எடைக்கல்லை அவன் கையில் கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டில் வைக்கச் சொன்னேன். மூன்றாவது கல்லை வைத்தவன் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். விட்டுப்போன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்து மற்றவர்களோடு சேர்க்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறதாம். பயிற்சி வகுப்பில் குறித்துக்கொண்டேன்.

அதே நோட்டில் இன்னொன்றும் குறித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் மாதிரி விதி. அதோடு நிற்கவில்லை. கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலையின்மை என்று குழந்தை வரும் வழியில் ஆபத்து இருக்கும் இடங்களில் அந்தத் தூரத்தையும் குறைத்து, ஆபத்தில்லாதபடி பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எழுதியவர் யாரோ, ஓர் ஓடையையாவது நேரில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே, “உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடுங்களேன்” என்பார்கள். பெரிய பிள்ளைகளுக்குச் சரி. இந்த மலையிலேயே வாழும் எங்கள் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் அப்படிப் படித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தையை, ஓடையில் தண்ணீர் ஏறுகிறது என்பதற்காகத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் விடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பாலம் கட்டுவதற்குச் சோம்பல்பட்டுக் குழந்தையை இடம் மாற்றுகிற யோசனை அது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மலைக்கிராமங்களுக்கான விடுமுறையை முந்தின நாள் இரவே சொல்லிவிடட்டும். அதன் பிறகு விடியற்காலையில் மழை மாறினால் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆசிரியரிடம் விடட்டும். அவர் ஊருக்கு ஒருவர் என்று எண் வைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு ஒரு வார்த்தை கேட்டால் போதும். எங்கள் ஊரில் நான் பாறைமேல் ஏறி நின்று சொல்லத் தயார். வழி மூடிய நாட்களில் எங்கள் திண்ணையும், அடுத்த ஊர் மாரியம்மன் கோயில் மண்டபமும், அங்கன்வாடிகளும் வகுப்பாகட்டும். முன்கூட்டியே ஒரு மூட்டை அரிசி, பருப்பை அங்கே இறக்கி வைத்தால் சமைக்க ஆளா இல்லை? அந்த மணி நேரத்தையும் பாட நேரமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்று சட்டம் கேட்கிறது. இப்போது அதை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். எங்கள் பக்கம் சனிக்கிழமை கூலி நாள். அம்மா கூலி வாங்கிச் சாமான் வாங்கித் திரும்பும்வரை கைக்குழந்தையை மூத்தவள்தான் பார்த்துக்கொள்வாள். வருகைப் பதிவேட்டில் சனிக்கிழமைகளை மட்டும் புரட்டிப் பார்த்தால் எத்தனை பெண் பிள்ளைகள் விடுபட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

கொங்காணி போட்டுப் படித்த அந்தச் சேலம் வாசகர் ஒரு மழை நாளில் எங்கள் கடைக்கு வந்தால் காப்பி போட்டுத் தருகிறேன். ஏழரை மணிக்கு முன்னால் வந்தால் ஓடைக்கும் கூட்டிப் போவேன். இடுப்பில் தூக்கிக்கொள்ள ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் சுருக்கினாலும் எனக்கு வருத்தமில்லை, காக்பர்னை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள். துவைக்கிற கல்லைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பொட்டலத் தாளில் உங்கள் இதழைப் படிக்கும் வாசகி,
நாகலூர் அருகில், ஏற்காடு வட்டம்.