தண்ணீர்க் கணக்கைக் காட்டாமல் அனுமதி கொடுக்காதீர்கள்: மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நிர்வாகத்துக்கும், சுற்றுலா, குடிநீர், மலைப்பகுதிக் கட்டட அனுமதி ஆகிய பொறுப்புகளில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் காபியும் மிளகும் மலைவாழையும் வைத்துப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஊருக்கு மேலே, சோலையை ஒட்டிய சரிவில் வரப்போவதாகச் சொல்லப்படும் தண்ணீர்ப் பூங்கா பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் மனுக்கள் உங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. கருத்துக் கேட்ட கூட்டத்துக்கு உங்கள் அலுவலர்களும் வந்திருந்தார்கள். அதனால் போன வாரம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

அனுமதி இன்னும் தரப்படவில்லை என்று எங்களிடம் சொல்லப்பட்ட அதே இடத்தில் பொக்லைன் இறங்கிச் சரிவை வெட்டியது. அன்று இரவு நல்ல மழை. வெட்டிப் போட்ட செம்மண் ஓடையில் இறங்கிவிட்டது. ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வருவது அந்த ஓடையிலிருந்துதான். பாறை இடுக்கில் ஒரு சின்னத் தடுப்பு, அதிலிருந்து காட்டு வழியாக இறங்கும் கறுப்பு ஓஸ், அவ்வளவுதான் எங்கள் குடிநீர்த் திட்டம். காலையில் குழாயைத் திறந்தால் சேறு வந்தது. மதியத்துக்குள் அதுவும் நின்றது. பையன்கள் மேலே ஏறிப் போய் ஓஸின் வாயில் கட்டியிருந்த கொசுவலைத் துணியை அவிழ்த்தபோது, துணி தெரியாத அளவுக்கு மண் அப்பியிருந்தது. ஓஸைத் துண்டு துண்டாகக் கழற்றி, உதறி, ஊதி, மறுபடி இணைத்துத் தண்ணீர் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. மலையில் மண் அள்ளும் இயந்திரம் இறக்க முன் அனுமதி வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் குழி தோண்டுகிறவன்கூட யாராவது கேட்பார்களோ என்று பயந்துகொண்டு கடப்பாரையால் தோண்டுகிறான். அந்த இயந்திரத்தை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பூங்காவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எவ்வளவு எடுப்பார்கள், கழிவுநீர் எங்கே போகும், ஆபத்து என்றால் ஆட்களை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்பதைத் தமிழில் எழுதி, எங்கள் கிராமசபையில் வையுங்கள். அதுவரை அனுமதி கொடுக்காதீர்கள்.

கூட்டத்தில் எங்களுக்கு வழவழப்பான கலர் காகிதம் ஒன்று கொடுத்தார்கள். பூங்காவின் நடுவில் மூன்றடுக்குச் சொகுசுக் கப்பல் மாதிரி ஒரு கட்டடம். அதன் மேல்தளத்திலிருந்து பிள்ளைகள் சறுக்கி விழ ஒரு குளம். பாதுகாப்பு பற்றிக் கேட்டதற்கு, “சொகுசுக் கப்பல்களில் என்ன தரமோ அதே சர்வதேசத் தரம்” என்று நிறுவனத்தின் ஆள் பதில் சொன்னார். உங்கள் அலுவலர்களும் தலையசைத்தார்கள். அந்தத் தரம் எப்படி வந்தது என்பதை அவர் தெரிந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. என் அக்கா மகன் கேட்டரிங் படித்துவிட்டு அப்படியொரு கப்பலில் வெயிட்டராக இருக்கிறான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அந்தக் கதைதான் என்றான். அதனால் அதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

2012 ஜனவரி 13. இத்தாலியில் ஜில்யோ என்ற சின்னத் தீவு. ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற கப்பல் 4,200 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, தீவுக்குச் சலாம் வைத்துவிட்டுப் போவதற்காகக் கரைக்கு மிக நெருக்கமாக வந்தது. அப்படிப் போவது அதற்குப் புதிதும் இல்லை. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஒரு தடவை போயிருந்தது, யாரும் தடுக்கவில்லை. இந்த முறை பாறை அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. கரையிலிருந்து கேட்டவர்களிடம் கப்பலில் மின்சாரம்தான் போயிருக்கிறது என்று சொன்னார்கள். கப்பலைவிட்டு இறங்குங்கள் என்ற உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்கு உயிர்காப்புப் பயிற்சியே நடக்கவில்லை, மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அதாவது எல்லாம் விதிப்படி. 32 பேர் செத்தார்கள்.

பயணிகள் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2015-இல். நிறுவனத்தின் ஆள் சொன்ன சர்வதேசத் தரம் அந்த 32 பேர் செத்த பிறகு எழுதப்பட்டது.

அதற்கப்புறம் நடந்ததையும் நிர்வாகம் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேப்டனுக்கு 16 ஆண்டு சிறை. பொறுப்பில் இருந்த வேறு ஐந்து பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சின்னத் தண்டனையோடு விலகிக்கொண்டார்கள். நிறுவனம் 10 லட்சம் யூரோ அபராதம் கட்டிக் குற்ற வழக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. காயம் படாத பயணிகளுக்கு ஆளுக்கு 11,000 யூரோ தருவதாகச் சொன்னார்கள். இது நியாயமா என்று அந்த நாட்டிலேயே பெரிய விவாதம் நடந்தது. ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள் என்று ஒரு பக்கம், கப்பலை விட்டுவிட்டு ஓடியவனுக்கு இது போதாது என்று இன்னொரு பக்கம். என்னைக் கேட்டால், கேப்டனுக்குக் கிடைத்த தண்டனை சரிதான். ஆனால் கரையை உரசிக்கொண்டு போவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தண்டனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். நாளைக்கு இங்கே ஒரு விபத்து நடந்தால் சறுக்குமரத்தில் நின்ற தினக்கூலிப் பையன்தான் கைதாவான். அவன் எங்கள் ஊர்ப் பையனாகத்தான் இருப்பான்.

எனக்கு அதிகம் மனசில் நிற்பது அந்தத் தீவு. குளிர்காலத்தில் ஆயிரம் பேர்கூடத் தேறாத ஊர் அது. நடுராத்திரியில் நனைந்து நடுங்கி வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். இருந்த போர்வையையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கப்பலால் அவர்களுக்கு ஒரு வருமானமும் கிடையாது, அது அங்கே நிற்கிற கப்பலே இல்லை. ஆனால் கவிழ்ந்த இரும்பு மலை இரண்டரை ஆண்டு அவர்கள் துறைமுகத்து வாசலில் கிடந்தது. 2013 செப்டம்பரில் நிமிர்த்தி, 2014 ஜூலையில்தான் ஜெனோவாவுக்கு இழுத்துப் போனார்கள். மிச்சமிருந்த கடைசி ஆளின் எலும்புகள் அந்த ஆண்டு நவம்பரில் கப்பலுக்குள் கிடைத்தன. அவர் இந்தியாவிலிருந்து போன ஒரு வெயிட்டர். அதைச் சொன்னபோது என் அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடலும் கப்பலும் நமக்கெதற்கு என்று கேட்கலாம். சரி, பக்கத்திலேயே பார்க்கலாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், மிதவைச் சட்டை போட்டிருக்கவில்லை. விசாரணைக் கமிஷன் வைத்தார்கள், அறிக்கை வந்தது. 2023 மே மாதம் அதே கேரளத்தில், தானூரில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். கமிஷன் அறிக்கையை யார் படித்தார்கள்?

தண்ணீருக்கு வருகிறேன். கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: மழைநீரைச் சேமிப்போம், அதையே சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம், பற்றாக்குறைக்குப் போர் போடுவோம். பழனி மலையில் பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். கூட்டம் வருவது சித்திரை, வைகாசியில். நடுவில் இருக்கும் நான்கு மாதத்துக்கு அந்தத் தண்ணீரை எங்கே வைப்பார்கள்? சரிவின் மேல் குளம் வெட்டியா? 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 43 பேர் செத்ததையும், 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நடந்ததையும் பார்த்த பிறகு, ஊருக்கு மேலே தண்ணீரைத் தேக்கி வைக்கலாம் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்? சுத்தம் செய்யும் இயந்திரத்தில் வடிகட்டியைக் கழுவும்போதெல்லாம் குளோரின் கலந்த தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். அது எங்கள் ஓடையில்தான் விழும். வெயிலில் ஆவியாவதையும், பிள்ளைகள் உடம்போடு வெளியே போவதையும் தினமும் ஈடுகட்ட வேண்டும். அதற்குத்தான் போர். இந்த மலையில் ஆழமாகப் போர் போட்டால் கீழே இருக்கிற ஊற்று வற்றும் என்பதை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் சொல்வாள்.

பங்குனி பாதியில் ஓஸ் தண்ணீர் நூலாகிவிடும். பிறகு ஊற்றுதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா எஸ்டேட்டுக்குத் தினக்கூலிக்குப் போகிறவர். எட்டு மணிக்கு மேல் போனால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் இருட்டோடு டார்ச்சும் குடமுமாக இறங்குவார். காட்டுமாடு நிற்கிறதா என்று தூரத்திலிருந்தே வெளிச்சம் அடித்துப் பார்ப்பார், நின்றால் அது நகரும்வரை காத்திருப்பார். ஊற்றில் சொம்பு முழுதாக முங்காது. தேங்காய்ச் சிரட்டையால் மோந்து, அடியில் கலங்காமல் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மோந்து ஒரு குடம் நிரப்ப வேண்டும். முன்னால் நான்கு பேர் இருந்தால் கூலி போச்சு. போன கோடையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட வத்தலக்குண்டுக்குப் போக வேண்டியிருந்தது. சீசன் நேரம் என்பதால் மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றன. கையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கட்டோடு திரும்பி வந்து, அடுத்த வாரமே இடுப்பில் குடத்தை வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கும் அந்த மாதங்களில் தண்ணீர் இருக்காது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு மேலேதான் விளையாட்டுக்கு ஒரு குளம் வரப்போகிறது.

இது எங்கள் ஊரோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. வரதமாநதி, குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு, மஞ்சளாறு என்று கீழே இருக்கும் அணைகளுக்குத் தண்ணீர் தருவது இந்த மலையின் ஓடைகள்தான். அவற்றை நம்பி நெல் போடுகிறவர்களை யாராவது கூட்டத்துக்குக் கூப்பிட்டார்களா? கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று 2025 கோடையில் உயர் நீதிமன்றம் எண்ணிக்கை வைத்தது. இ-பாஸ் முறையை நடத்துவதும் நீங்கள்தான். மலை தாங்காது என்று ஒரு கையால் வண்டியைத் தடுக்கிறீர்கள். அதே மலைக்குக் கூட்டத்தை இழுக்கிற ஒன்றுக்கு இன்னொரு கையால் அனுமதி தருவீர்களா? ஊருக்கு இன்னொரு பஸ் கேட்டோம், வரவில்லை. சரிந்த தடுப்புச் சுவரைக் கட்டித் தரக் கேட்டோம், நிதி இல்லை என்றார்கள். பூங்காவுக்குப் போகிற ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்க மட்டும் ஆள் வந்துவிட்டது. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, மன்னிக்கவும். ஆனால் இவ்வளவு நாள் பொறுமையாக எழுதிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

எங்களில் சிலருக்குப் பூங்கா வந்தால் நல்லது என்ற எண்ணமும் உண்டு. வேலை கிடைக்கும், கடை போடலாம் என்கிறார்கள். படித்த பிள்ளைகள் திருப்பூருக்குப் போகாமல் இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் எங்களோடு சேர்ந்து கேட்பது தண்ணீர்க் கணக்கைத்தான்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். சரிவில் நடக்கும் வேலையை உடனே நிறுத்த எழுத்து மூலமாக உத்தரவு போடுங்கள். வெட்டிய மண் அடுத்த மழையில் ஓடையில் இறங்காமல் இருக்க, வெட்டியவர்கள் செலவிலேயே தடுப்புக் கட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கும் இடம், அளவு, கழிவுநீர் போகும் வழி, எத்தனை பேரை உள்ளே விடுவார்கள், பயிற்சி பெற்ற மீட்பு ஆட்கள் எத்தனை பேர், அடிபட்டவரை எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவார்கள், விபத்து நடந்தால் நிறுவனத்தில் யார் பெயருக்குப் பொறுப்பு என்பதெல்லாம் தமிழில் அச்சாகி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். உலகத் தண்ணீர் தினம் என்று மார்ச் 22 அன்று எங்களைக் கிராமசபைக்குக் கூப்பிடுவது அரசுதான். அப்படியொரு கிராமசபைக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் நேரில் வந்து இதை வாசிக்க வேண்டும், பெண்கள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். அது நடந்து, கிராமசபை தீர்மானம் எழுதும்வரை அனுமதி கொடுக்காதீர்கள்.

காலையில் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் ஊற்றையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழ்மலையிலிருந்து ஒரு காபி விவசாயி