லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன், சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா கண் ஆபரேஷனுக்கு ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவள் சிவில் இன்ஜினியரிங் எடுத்ததில் எனக்குத்தான் உன்னைவிட அதிக சந்தோஷம் என்று அவளிடம் சொல். இங்கே எல்லோரும் நலம். எங்கள் டாம்பா நகரில் புயல் காலம் முடிந்து, வேலைகள் மறுபடி சூடுபிடித்திருக்கின்றன.

"இத்தனை வருஷம் சைட்டில் நின்றவனுக்கு இன்னும் என்ன பரீட்சை?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஃபுளோரிடாவில் என் பெயரில் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்றால் மாநில லைசென்ஸ் வேண்டும். நான்கு வருஷ அனுபவம், அதில் ஒரு வருஷமாவது ஃபோர்மேனாக இருந்திருக்க வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. அப்புறம் மூன்று தேர்வுகள். இரண்டு கட்டுமான வேலையையும் ஒப்பந்த நிர்வாகத்தையும் பற்றியவை, அவற்றுக்கு நான் பயப்படவில்லை. மூன்றாவதுதான் 'பிசினஸ் அண்ட் ஃபைனான்ஸ்'. வீடு கட்டுபவர், பிளம்பர், ஏசி போடுபவர், கூரை போடுபவர் என்று யாராக இருந்தாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். காங்கிரீட் கலவை, கம்பி வளைப்பு எதுவும் இதில் வராது. கணக்கு, வரி, சட்டம், ஆட்களை வைத்து வேலை வாங்குவது, இவ்வளவுதான்.

மதிப்பெண் உள்ள கேள்விகள் 120, நேரம் ஆறரை மணி, தேற 70 சதவீதம். புத்தகம் பார்த்து எழுதலாம். அதைக் கேட்டதும் நீ "அப்புறம் என்ன கஷ்டம்?" என்பாய். கணக்குப் போட்டுப் பார், ஒரு கேள்விக்கு மூன்றேகால் நிமிஷம்தான் கிடைக்கிறது. எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இப்போது என் மேஜை முழுக்க மஞ்சள் ஹைலைட்டரும், பக்க ஓரத்தில் அடையாளத்துக்கு ஒட்டும் சீட்டுகளான டேப்களும்தான். டேப் நிரந்தரமாக ஒட்டியதாக இருக்க வேண்டும். எடுத்து எடுத்து ஒட்டும் வகைக்கு அனுமதி இல்லை. கையால் எழுதிய குறிப்பு ஒரு வரிகூட புத்தகத்தில் இருக்கக் கூடாது. கோடு போடலாம், எழுதக் கூடாது. சிவப்பு டேப் லியன் சட்டத்துக்கு (பணம் வராதவர் வீட்டின் மேல் பதிவு செய்யும் உரிமைதான் லியன்), பச்சை சம்பள வரிக்கு, நீலம் கணக்குக்கு என்று பிரித்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகன் கேள்வியை வாசிப்பான், நான் பக்கத்தைத் தேடுவேன். அவன் போனில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது நீல டேப் பகுதியைப் பற்றித்தான். ஒரு கணக்கைக் கேள். ஒரு வீட்டை 4,00,000 டாலருக்கு ஒப்புக்கொள்கிறோம். மொத்தச் செலவு 3,20,000 ஆகும் என்பது நம் மதிப்பீடு. இதுவரை 1,60,000 செலவாகியிருக்கிறது. அப்படியானால் செலவுக் கணக்கில் வேலை பாதி முடிந்திருக்கிறது, நாம் சம்பாதித்தது 2,00,000. ஆனால் பில் போட்டு வாங்கியதோ 2,40,000. மீதி 40,000 டாலர் நம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது, ஆனால் அது நம் வருமானம் இல்லை. இனிமேல் செய்ய வேண்டிய வேலைக்கு முன்கூட்டி வாங்கிய காசு. கணக்குப் புத்தகத்தில் அதைக் கடன் பக்கத்தில்தான் எழுத வேண்டும். நம் கல்லூரியில் பீம் டிசைனை அத்தனை விதமாகப் போடச் சொன்னார்களே, இந்த ஒரு கணக்கை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

இதைப் போடும்போதெல்லாம் நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனி ஞாபகம் வருகிறது. வேலைத் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் புது வீட்டுக்கு வாங்கிய அட்வான்ஸில் பழைய வீட்டை முடிப்பார்கள், அடுத்த வீட்டின் அட்வான்ஸ் அதற்கு முந்தைய வீட்டுக்குப் போகும். புது ஆர்டர் வந்துகொண்டே இருந்தவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆர்டர் குறைந்ததும் கூரையைத் தாங்கும் சட்டமான ட்ரஸ் கொடுத்தவருக்குப் பணம் நின்றது. ஒரு நாள் ஒரு வயதான அம்மா தன் வீட்டு வாசலில் என்னை நிறுத்தி ஒரு கடிதத்தைக் காட்டினார். அவர் எங்கள் கம்பெனிக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டவர். ட்ரஸ் கம்பெனியோ அவர் வீட்டின் மேல் உரிமை கோரிப் பதிவு செய்திருந்தது. "நான் இரண்டு தடவை கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதில் இப்போது என் சிவப்பு டேப்பில் இருக்கிறது. இங்கே சட்டம் இப்படி. வீட்டுக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப்ளையரோ சப்-கான்ட்ராக்டரோ, பொருளையோ வேலையையோ முதலில் கொடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பணம் வராவிட்டால் கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வீட்டின் மேல் லியன் பதிவு செய்யலாம். பதிவு செய்தபின் ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வீட்டுக்காரர் தப்பிக்கவும் வழி இருக்கிறது: நோட்டீஸ் அனுப்பியவர்களிடம் 'எனக்குப் பணம் வந்துவிட்டது' என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பிறகே கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவிடம் அன்று யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் செங்கல் கொடுத்தவருக்குக் கான்ட்ராக்டர் பணம் தராவிட்டால் அவர் யார் வாசலில் போய் நிற்பார் என்று யோசித்தால், இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வருகிறது.

அட்வான்ஸுக்கும் கட்டுப்பாடு உண்டு. வீட்டு வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கினால், 30 நாளுக்குள் கட்டட அனுமதியான பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெர்மிட் வந்தபின் 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுப்பதே குற்றம். புயலுக்காக ஆளுநர் அவசர நிலை அறிவித்திருக்கும் சமயத்தில் அதையே செய்தால் தண்டனை இன்னும் கடுமை. ஓடு பறந்துபோன வீடுகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களைப் பற்றி இங்கே கேட்காத தெரு இல்லை, அதனால் எனக்கு இது சரியாகவே படுகிறது.

சம்பள வரிப் பகுதி மனப்பாடம்தான். ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2, முதியோர் மருத்துவத் திட்டமான மெடிகேருக்கு 1.45 சதவீதம் தொழிலாளி சம்பளத்தில் பிடித்து, அதே அளவு நாமும் போட்டுக் கட்ட வேண்டும். கட்டுமானத்தில் ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் வேலைக் காயத்துக்கான இன்ஷூரன்ஸ் கட்டாயம். தேர்வு முடிந்தாலும் கிரெடிட் ஸ்கோர் 660க்குக் கீழே இருந்தால் பாண்டு, அதாவது உத்தரவாதப் பத்திரம், கொடுக்கச் சொல்வார்கள். என்னுடையது அதற்கு மேலே இருக்கிறது.

சேகர், உன் கடிதத்தில் மூன்று சைட் ஓடுகிறது, இரண்டில் பில் நிற்கிறது, மூன்றாவதில் வந்த காசை வைத்துச் சமாளிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ நேர்மையானவன், உன் கொத்தனார்களுக்குச் சனிக்கிழமை கூலி தவறியதில்லை. அதனால்தான் கேட்கிறேன். மூன்று சைட்டுக்கும் தனித்தனியாக நான்கு எண்கள் எழுதி அனுப்பு: ஒப்பந்தத் தொகை, மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு, இதுவரை ஆன செலவு, இதுவரை வாங்கிய பணம். வேலை முடியும்வரை பில்லிலிருந்து ரிட்டென்ஷன் என்று பிடித்து வைத்ததைத் தனியாகக் காட்டு. மேலே சொன்ன கணக்கை மூன்றுக்கும் போட்டு அனுப்புகிறேன். எந்த சைட் எதைச் சுமக்கிறது என்று தெரிந்துவிட்டால், புது வேலையை எடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்யலாம். இன்னொன்று, 20 சதவீத லாபம் வேண்டும் என்று நூறு ரூபாய்ச் செலவுக்கு 120 கேட்காதே. விலையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் 125 கேட்க வேண்டும். 120 கேட்டால் கையில் நிற்பது விலையில் ஆறில் ஒரு பங்குதான்.

தேர்வு அடுத்த மாதம். முடிந்ததும் போன் செய்கிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது, அந்த வாரம் மருத்துவச் செலவுக்கு ஏதாவது தேவையென்றால் தயங்காமல் சொல். சின்னவளுக்கு ஒரு நல்ல சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், டிசம்பரில் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்