குஞ்சுவுக்கு, பூச்சியக் கொப்பியைப் பற்றி

அன்புள்ள குஞ்சு,

ஆவணி விடுமுறைக்கு வந்து நீ முல்லைத்தீவு முத்தையன்கட்டில் நின்ற பத்தொன்பது நாளும் ஒரு துளி மழை இல்லை. சோளகக் காற்று புழுதியை மட்டும் அள்ளிக்கொண்டு போனது. நீயோ மழையை அளக்க என்று சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகி முற்றத்தில் வைத்தாய். காலை ஆறு மணிக்கெல்லாம் எழும்பிப் போய்ப் பார்த்து, கொப்பியில் பூச்சியம் போட்டாய். பத்தொன்பது பூச்சியம். பஸ் ஏறும்போது, "நான் போனாலும் விடாமல் எழுதுங்கோ சின்னம்மா" என்றாய். சரி என்றேன்.

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் உனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் வேறு யாரும் வாசித்தால் அவர்களும் ஒரு போத்தலை வெட்டுவார்கள் என்ற ஆசையில் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

முதல் கிழமையே ஒன்று பிடிபட்டது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று நீ கற்களைப் போட்டு, அவை மூடும் வரைக்கும் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு கீறினாய் அல்லவா? நீ போய் மூன்றாம் நாள் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. ஒழுகுகிறதாக்கும் என்று தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். தாள் நனையவில்லை. வெயில் குடித்திருக்கிறது! நீ நின்ற நாட்களில் இது எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நீ காலையில் பார்த்தவுடன் கோடு வரைக்கும் நிரப்பிவிடுவாய். அன்றிலிருந்து நானும் நிரப்பிவிட்டுத்தான் தைக்க உட்காருகிறேன். குளத்துக் கட்டில் போகும்போதும் இப்போது இதே நினைப்புத்தான். தண்ணீர் திறந்துவிடுகிற துருசு மூடிக்கிடக்கிற நாட்களிலும் அலைகரை அகன்றுகொண்டே போகிறதே. வாய்க்கால் வழியாகப் போன தண்ணீருக்காகச் சண்டை பிடிக்கிறோம். மேலே போனதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. 3 மி.மீ. பூச்சியம் இல்லாத ஒரு இலக்கத்தை எழுத எனக்குக் கை நடுங்கியது என்றால் நம்புவாயா? கார்த்திகையில் ஒரு நாள் விடிய விடியக் கொட்டியது. காலையில் அளந்தால் 42. சித்தப்பா கேட்டார், "நாற்பத்திரண்டு என்றால் என்ன, எத்தனை வாளி?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வளவில் கணிதம் படிப்பிக்கிற தம்பியிடம் கேட்டபோது அவர் சொன்னது இது: 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் தண்ணீர். இவ்வளவு இலகுவான ஒன்றை இத்தனை வயது வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லையே, பிள்ளை!

உடனே அளவு நாடாவை எடுத்தேன். சட்டைக்கு அளவெடுக்கிற அதே நாடாதான். தகரக் கூரை மறைக்கிற நிலம் 20 அடிக்கு 15 அடி. ஏறத்தாழ 28 சதுர மீற்றர். 42ஆல் பெருக்கினால் 1176 லீற்றர். எங்கள் கிணற்று வாளி 10 லீற்றர் பிடிக்கும். ஆக, நான் படுத்திருந்த நேரம் 117 வாளித் தண்ணீர் கூரையால் வழிந்து ஒழுங்கையில் ஓடியிருக்கிறது. ஆவணியில் நீயும் நானும் கயிறு இழுத்துக் கை காய்த்ததை யோசித்துப் பார். அடுத்த கிழமையே சித்தப்பா பீலி பூட்டி, ஒரு தாங்கியும் வாங்கிவைத்தார். உன் போத்தல் செய்த வேலை அது.

காலை ஆறு மணிக்கு முற்றத்தில் நிற்கப் பழகினால் வேறு பலதும் கண்ணில் படுகிறது. ஐப்பசிக் கடைசியில், பின்பற்றையிலிருந்து இரண்டு சுருதியில் ஒரு சீட்டி. மறுநாளும் அதே நேரம். மாலையில் மைம்மலுக்குள்ளும் அப்படியே. என் அப்பு இதை ஆறுமணிக்குருவி என்பார். குரலைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், பறவையைப் பார்த்ததே இல்லை. ஏனென்றால் நான் எப்போதும் மரத்தில் தேடினேன். அது நிலத்தில் நிற்கிற குருவி! தேசிக்காய் மரத்தின் கீழே சருகைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது. முதுகு பச்சை, சிறகில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. வால் கத்தரித்துவிட்டதுபோலக் கட்டை. துணிக்கடையில் இந்த நிறங்களை ஒன்றாக வைத்தால் நான் சேராது என்று சொல்லியிருப்பேன். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறதாம். சித்திரை மட்டில் போய்விடும். அதற்குள் நீ வர வேண்டும்.

தாழ்வாரத்துப் புழுதியில் குழியானையை நீ தும்பால் கிளறி விளையாடினாய். மழைக்கு முன் அதிலொன்று மண்ணை உருட்டித் தன்னைச் சுற்றி ஒரு குண்டு செய்துகொண்டது. அதை ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தேன். 27ஆம் நாள் உள்ளே தும்பிபோல ஒன்று, மெல்லிய நீளச் சிறகுகளோடு! பின்னுக்குப் பின்னுக்கு மட்டுமே நடக்கிற அந்தத் தடியன் இப்படிப் பறந்து போவான் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. துணியை அவிழ்த்துவிட்டேன்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது தூக்கணாங்குருவிக் கூடுகள். அந்தப் பெருமழைக் காற்றில் வாய்க்கால் ஓரத்துப் பனையிலிருந்து பழைய கூடுகள் இரண்டு விழுந்தன. ஒன்று முழுக்கூடு, கீழே நீளக் குழாயோடு. மற்றது பாதி, தொப்பிபோல. முழுக்கூட்டைத் தையல் மெசின் மேசையில் வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். தைக்கக் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். எல்லாம் நெல்லோலையையும் பனையோலையையும் கிழித்த நார். ஒன்றை உருவி அளந்தேன், 16 இஞ்சி. ஓலையின் கரையில் அலகால் ஒரு கீறல் போட்டு, நுனியைப் பிடித்தபடி பறந்து கிழிக்குமாம். கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, மிச்சத்தைக் கையால் கிழிக்கிறோமே, அதேதான். முடிச்சும் இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

அந்தப் பாதிக் கூடு ஏன் பாதியில் நின்றது? கூடு கட்டுவது ஆண். இந்த மட்டில் வந்ததும் பெண் வந்து பார்க்கும், உள்ளே போய் இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஆண் குழாயை முடிக்கும். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே கிடக்கும். இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தக் குருவிமேல் ஒரு பாசமும் வந்தது. ஓட்டுத்தையலில் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தோள் சரியில்லை" என்று கழற்றித் தருவார்களே, அந்த நேரம் எனக்கு வயிற்றில் ஒன்று செய்யும். பாதிக் கூட்டை எறிய மனமில்லை. சுவரில் மாட்டியிருக்கிறேன்.

முழுக்கூட்டின் உள்ளே காய்ந்த களிமண் ஒட்டியிருந்தது. இரவில் மின்மினியைப் பிடித்து அதில் ஒட்டி விளக்கு வைக்கும் என்று என் அம்மம்மா சொன்ன கதை உனக்கும் தெரியும். மண் உண்மை. மின்மினியின் செட்டை ஒன்றாவது கிடைக்குமா என்று ரோச் அடித்துத் தேடினேன், இல்லை. அம்மம்மாவின் கதையை நான் இன்னும் கைவிடவில்லை.

வேலியில் கார்த்திகைப் பூ பூத்து முடிந்துவிட்டது. அது இலை நுனியையே சுருட்டிக் கம்பியைப் பிடித்து ஏறுகிறது. வேறு பற்றுக்கொடி கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் நீயும் கண்டுபிடிப்பாய். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் இன்னும் கூட. தொடாதே.

படலையடிப் பாலை மரத்தையும் கேட்டிருந்தாய். அது நன்றாக நிற்கிறது. போர் முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, வீடும் இல்லை. காடு மூடிய வளவில் எங்கள் படலை எதுவென்று காட்டியது அந்த மரம்தான். அதன் நிழலில்தான் முதல் அடுப்பு மூட்டினோம். இந்தக் கொப்பி வந்த பிறகு அதையும் அளந்து வைத்திருக்கிறேன். என் நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 71 இஞ்சி. பாலை மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் வருடா வருடம் இதே நாளில் நாடாவைச் சுற்றப் போகிறேன். பழம் வைகாசி, ஆனியில். உதடு ஒட்டினால் தேங்காயெண்ணெய் இருக்கிறது.

அப்புறம், உன் போத்தல் போன கிழமை வெயிலில் வெடித்துவிட்டது. கோபிக்காதே. அதே அளவில் இன்னொன்று வெட்டி வைத்துவிட்டேன், அடியில் நீ பொறுக்கிய அதே கற்கள். ஒரு நாளும் விடுபடவில்லை. இன்று காலை 7 மி.மீ.

அன்புடன்,
சின்னம்மா