ஆண்டறிக்கை 2024–2025: பொங்கல், தமிழ் வகுப்பு, கியூபெக் பீவீ ஹொக்கிப் பயணம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்துக்குப் பிறகு மொன்றியலில் நமது சங்கம் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் என்றது பொங்கலுக்கும் ஒன்றுகூடலுக்கும்தான். ஹொக்கி விஷயம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விழா வழக்கம்போல மண்டபம் நிறைய நடந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இன்னும் ஓர் ஆசிரியர் தேவை. யாராவது மனம் வைத்தால் நல்லது. கோடைகால ஒன்றுகூடலில் கிரிக்கெற் மழையால் பாதியில் நின்றது, கொத்து ரொட்டி நிற்கவில்லை. கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி ஐஸ் ஹொக்கி. சென்ற கூட்டத்தில் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு எடுத்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும்: பழைய ஹொக்கிச் சாமான்களைச் சேகரித்து, தேவைப்படும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பது. ஒரு பிள்ளையை ஐஸில் இறக்குவதற்கு ஸ்கேற்ஸ், ஹெல்மெற், தோள் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, பஞ்சு வைத்த காற்சட்டை, முழங்கால் காப்பு, கழுத்துக் காப்பு, மட்டை என்று எவ்வளவோ வாங்க வேண்டும். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்துவிடும், எல்லாம் திரும்பவும் வாங்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகளை நீச்சலுக்கும் பரதத்துக்கும் அனுப்ப யோசிக்காதவர்கள்கூட ஹொக்கி என்றதும் பின்வாங்குவது இதனால்தான். விடியற்காலைப் பயிற்சி இரண்டாவது காரணம். அதற்குச் சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சேகரிப்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. அங்கத்தவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள், நம் சங்கத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள், பை பையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கனடாவின் தர நிர்ணய அமைப்பான சீ.எஸ்.ஏ.யின் சான்று ஒட்டாத ஹெல்மெற்றை இனி வாங்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். நல்லதாகத்தானே இருக்கிறது என்று சொல்லி யாரும் நிர்வாகக் குழுவோடு சண்டைக்கு வரவேண்டாம். இது பிள்ளையின் தலை விஷயம்.

இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான ஆட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றுதான் கியூபெக் நகரத்துப் பயணத்தை ஒழுங்கு செய்தோம். ஒவ்வொரு பெப்ரவரியிலும் அங்கே சர்வதேச பீவீ ஹொக்கிச் சுற்றுப்போட்டி நடக்கிறது. ஆடுவது 11, 12 வயதுப் பிள்ளைகள். கியூபெக் குளிர்காலத் திருவிழாவோடு சேர்த்து 1960இல் தொடங்கியது, 2025இல் நடந்தது 65ஆவது. 2021இல் கொரோனாவால் நின்றது, 2022இல் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. மற்றபடி தடை இல்லை. கனடா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பல இடங்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட அணிகள் வருகின்றன.

பயணத்துக்குக் குறித்த நாள் பெப்ரவரி 15, சனிக்கிழமை. அந்தக் கிழமை மொன்றியல் பட்ட பாட்டை யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வியாழக்கிழமை ஒரு புயல், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று, இரண்டும் சேர்ந்து 70 சென்ரிமீற்றருக்கு மேல் பனி. நடுவில் அகப்பட்டது நம் சனிக்கிழமை. வெள்ளி இரவு முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் போவதா விடுவதா என்ற பேச்சுத்தான். வீதி திறந்திருக்கிறது என்று பஸ் சாரதி உறுதி சொன்ன பிறகு புறப்பட்டோம். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இடியப்பப் பொதிகளும் சம்பலும் கொண்டுவந்த அம்மாமாருக்குச் சங்கத்தின் நன்றி. பஸ்ஸில் சொதி வேண்டாம் என்ற தீர்மானம் சரியானதென்று முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது.

ஆட்டங்கள் நடந்தது சென்ரர் வீடியோட்றொன் அரங்கில். 2015இல் திறந்தது, 18,000க்கு மேற்பட்ட இருக்கைகள். வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஹொக்கித் தொடரான என்.எச்.எல்.லின் அணி ஒன்று திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கட்டியது. இங்கே இருந்த கியூபெக் நோர்டிக்ஸ் அணி 1995இல் கொலராடோவுக்குப் போய், அடுத்த வருடமே அங்கே என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றது. அந்தக் கோபம் இந்த நகரத்துக்கு இன்னும் ஆறவில்லை. பெரியவர்களின் அணி வரவில்லை, சரி. ஆனால் அதே அரங்கில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரிய வீரனைப்போல விளக்கு வெளிச்சத்தில் இறங்கி வருகிறது, பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், கூட்டம் கை தட்டுகிறது. நம் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லூர்த் தேருக்கு முதல்முறை போன பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுற்றுப்போட்டியைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது புகழ்பெற்றவர்களின் பெயர்தான். தேர்சோ என்ற சிற்றூரிலிருந்து வந்த கீ லஃப்ளூர் 1960களின் தொடக்கத்தில் இங்கே கோல் மழை பொழிந்தார். பிறகு நம்மூர் என்.எச்.எல். அணியான மொன்றியல் கனேடியன்ஸின் செல்லப்பிள்ளையானார். 1974இல் ஒன்ராறியோவின் பிரான்ற்ஃபோர்ட் அணியோடு வந்த வெய்ன் கிரெற்ஸ்கி, ரெக்ஸாஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 கோல்கள் போட்டார். முடிவு 25–0. பஸ்ஸில் இதைச் சொன்னபோது அப்பாமார் எல்லோரும் கிரெற்ஸ்கியைப் பற்றிப் பேசினார்கள். பின் இருக்கையிலிருந்து ஒரு சிறுமி, “அந்த ரெக்ஸாஸ் கோல் காப்பாளருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. இதுவரை இங்கே ஆடி, பிறகு தொழில்முறை ஹொக்கிக்குப் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். பெரிய எண்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் இரண்டாயிரம் பிள்ளைகள்போல வந்து போகும் இடத்தில், மற்றவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. அவர்கள் ஊர் திரும்பி, பள்ளிக்கூடம் போய், வேறு வேலைகளுக்குப் போனவர்கள். நம் சங்கம் சாமான் இரவல் கொடுப்பதும் அப்படியான பிள்ளைகளுக்குத்தான். யாருடைய பிள்ளையையும் கிரெற்ஸ்கி ஆக்கித் தருவதாக நிர்வாகக் குழு வாக்குக் கொடுக்கவில்லை.

அந்தச் சிறுமிக்காக இன்னொரு பெயரையும் சொல்கிறேன். மனோன் ரெயோம், கோல் காப்பாளர். 1984இல் இந்தச் சுற்றுப்போட்டியில் ஆடிய முதல் பெண்பிள்ளை. 1992இல் தம்பா பே அணிக்காக ஒரு பயிற்சி ஆட்டத்தில் இறங்கி, என்.எச்.எல். ஆட்டமொன்றில் ஆடிய முதல் பெண்ணானார். இரவல் கேட்டு வரும் பெண்பிள்ளைகளின் தொகை கூடிக்கொண்டு போகிறது. லவாலில் மொன்றியல் விக்ருவார் பெண்கள் அணியின் ஆட்டங்களைப் பார்ப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

என் மனதில் அதிகம் நின்றது பிள்ளைகள் தங்கும் முறை. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் ஹோட்டலில் தங்குவதில்லை. கியூபெக் நகரத்துக் குடும்பங்கள் அவர்களைத் தம் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு, அரங்குக்கு ஏற்றி இறக்குகின்றன. மொழி தெரியாத பிள்ளையும் ஆங்கிலம் வராத வீட்டுக்காரரும் ஒருமாதிரிச் சமாளித்துக்கொள்கிறார்கள். 2023இல் உக்ரைன் பிள்ளைகளின் அணி வந்தபோதும் இப்படித்தான். போரால் பல நாடுகளுக்குச் சிதறிய பிள்ளைகளை ருமேனியாவில் ஒன்றுசேர்த்து, பயிற்சி கொடுத்து, கியூபெக்குக்கு அழைத்துவந்தார்கள். பொஸ்ரன் ஜூனியர் புறூயின்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தை 3–1 என்று வென்றபோது அரங்கு நிறைந்த சனம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அப்போது அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் சிலர் போர்முனையில் இருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் ஒரு காலத்தில் சொந்தக்காரர், தெரிந்தவர், தெரியாதவர் வீட்டு வரவேற்பறையில் படுத்தெழும்பி இந்த நாட்டில் கால் ஊன்றினோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பெற்றோர் பலர் அன்று கேட்ட கேள்வி: அடிபடாதா? விழுவார்கள், அடிபடும். ஆனால் உடம்பால் மோதி எதிராளியைத் தள்ளுவது இந்த வயதில் அனுமதி இல்லை. கியூபெக் மாகாணம் இதை முன்பே தடுத்திருந்தது, அல்பேர்ட்டா அனுமதித்தது. இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், மோத விட்ட இடத்தில் காயப்படும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. 2013இல் கனடா முழுவதும் பீவீ வயதில் அதைத் தடை செய்தார்கள். ஆகவே தொலைக்காட்சியில் பார்ப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தொலைக்காட்சி என்றதும் ஞாபகம். அன்றிரவு திரும்பி வரும்போது மொன்றியல் பெல் சென்ரரில் நான்கு நாடுகள் ஹொக்கிப் போட்டியில் கனடாவும் அமெரிக்காவும் ஆடின. பஸ்ஸில் எல்லோர் கையிலும் தொலைபேசி. அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூட்டம் ஊளையிட்டது. ஆட்டம் தொடங்கி ஒன்பது விநாடிக்குள் மூன்று சண்டை. பகலில் நம் பிள்ளைகள் பார்த்தது, தோற்ற அணியும் வென்ற அணியும் வரிசையாக நின்று கைகொடுத்துவிட்டுப் போனதை. பெரியவர்கள் ஏன் இப்படி என்று ஒரு பையன் கேட்டான். பக்கத்து இருக்கை அப்பா சண்டையை ரசித்துக்கொண்டிருந்தபடியால் பதில் வரவில்லை. கனடா 3–1 என்று தோற்றது. ஐந்து நாள் கழித்து பொஸ்ரனில் இறுதியாட்டத்தை வென்றது வேறு கதை.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பவை இரண்டு. ஒன்று, இரவல் சாமான் இப்போது ஓர் அங்கத்தவரின் கராஜில் இருக்கிறது. அவர் தன் காரை மழையிலும் பனியிலும் வெளியே விட்டு மௌனமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். வேறு இடம் பார்க்க வேண்டும். இரண்டு, விடியற்காலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை மாறி மாறி ஏற்றிச் செல்லும் பட்டியல் ஒன்று. வேலை நேரம் ஒத்துவராத பெற்றோருக்கு இதுதான் பெரிய உதவியாக இருக்கும். பஞ்சாபிக்காரர்கள் 2008இலிருந்து தம் மொழியில் ஹொக்கி வர்ணனை கேட்கிறார்கள், நாமும் தமிழில் தொடங்குவோம் என்று இளைஞர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். நல்ல யோசனைதான், முதலில் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் கிடைக்கட்டும்.

இரவல் எடுத்த ஸ்கேற்ஸை ஓகஸ்ட் முடிவதற்குள் திருப்பித் தாருங்கள். அளவு எழுதிய துண்டைப் பிடுங்க வேண்டாம். தீட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்