சிவப்பு இலையைப் பொறுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க இலையுதிர்காலம் பற்றி வந்த பயணக் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வழியில் பார்க்கும் சிவப்பு இலைகளைப் பறித்து வந்து புத்தகத்துக்குள் வைக்கச் சொன்ன யோசனை வெர்மான்ட் பக்கம் சரிப்படும், எங்கள் கலிஃபோர்னியாவில் சரிப்படாது. இங்கே ஓடைக்கரைப் பாதைகளில் பளிச்சென்று சிவந்து நிற்பது பல இடங்களில் பாய்சன் ஓக். மும்மூன்றாக இலை விடும் புதர், சில இடத்தில் கொடியாக மரத்திலும் ஏறும். நம் ஊர் சேராங்கொட்டையின் குடும்பம்தான், பட்டால் அதே மாதிரி கொப்புளம் போடும். என்ன, தொட்டவுடன் தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் அரிக்க ஆரம்பிக்கும். இலை உதிர்ந்த வெறுங்குச்சியும் விடாது.

சிவப்புதான் பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் கடைசியில் ஓக்லாந்து மலையிலுள்ள ரெட்வுட் ரீஜனல் பார்க்குக்குப் போகலாம். ஓடையை ஒட்டிப் போகும் ஸ்ட்ரீம் டிரெயிலில் வேலிக்கம்பம், விழுந்த மரம், புல் என்று எதையும் விடாமல் சிவப்புப் பொறிவண்டுகள் (லேடிபக்) ஆயிரக்கணக்கில் அப்பிக் கிடக்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரை அழைத்துப் போனேன். பருத்தி போட்டவர். ரெட்வுட் மரங்களை அண்ணாந்து ஒரு பார்வை, அவ்வளவுதான் (1860க்குள் மொத்தக் காட்டையும் வெட்டிவிட்டார்கள், இப்போது நிற்பவை அப்புறம் துளிர்த்தவை). வண்டைப் பார்த்ததும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "அசுவினி தின்கிற வண்டும்மா இது, இங்க என்னத்தத் தின்னும்?"

ஒன்றும் தின்னாது. சமவெளி வயல்களில் அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி) தீர்ந்ததும் மலையேறி, உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே குளிரைக் கழித்துவிட்டு, பிப்ரவரி வாக்கில் இணை சேர்ந்து கிளம்பிவிடும். அதனால்தான் பிள்ளைகள் அதை அள்ளி வீசி விளையாடுவதையும் பெற்றவர்கள் வீடியோ எடுப்பதையும் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். கலைக்கக் கலைக்கப் பறக்கும், சேர்த்ததெல்லாம் வீணாகும். கைக்கும் மிச்சம் கால்மூட்டிலிருந்து விடுகிற மஞ்சள் நீரின் நாற்றம்தான். வீட்டு அவரைக்கொடிக்கென்று டப்பாவில் பிடித்துப் போகவும் சிலர் பார்க்கிறார்கள். பூங்காவிலிருந்து எடுப்பது தடை, எடுத்துப்போய் விட்டாலும் பெரும்பாலும் சில நாளில் பறந்துவிடும்.

கட்டுரையாளர் அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் வெயிலடிக்கிற நாளாகப் பார்த்துப் போகட்டும், குளிர்ந்த நாளில் வண்டு அசையாது. பாய்சன் ஓக் படாமலிருக்க முழுக்கால் பேன்ட் அவசியம்.

– ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா